இருமொழிச் சிறுவரிடையே ஒரு தொண்டு



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் பிற்பகல் 3 மணியளவிற் கலைந்துவிடும். தாய் தந்தையர் வேலைத்தலங்களிலிருந்து மீள்வதோ 6 மணிக்கு. இடைப்பட்ட 3 மணி நேரமும் பிள்ளை எங்கே இருக்கும், யாருடன் இருக்கும், என்ன செய்யும் என்பது அந்நாட்டுக் குடும்பங்களை வாட்டும் ஒரு கேள்வி. அம்மம்மாவோ சின்னம்மாவோ அடுத்த வளவிற் குடியிருக்கும் ஊர்களில் இக்கேள்வி எழுவது அரிது. அங்கோ, இதற்கு விடையாகவே பாடசாலை மண்டபங்களிலும் பொது நூல்நிலையங்களிலும் தேவாலயங்களை அடுத்த கட்டடங்களிலும் பிற்பகல் வகுப்புகள் தோன்றின. 1994 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமொன்று இவற்றுக்கு மத்திய அரசாங்கத்தின் பண உதவி கிடைக்க வழிசெய்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2002 ஆம் ஆண்டு பொதுமக்களே வாக்களித்து இதற்கென மாநில நிதியை ஒதுக்குவித்தனர். அந்நிதியைப் பெறும் வகுப்பு, பாடசாலை நாட்களில் மாலை 6 மணி வரையாவது நடைபெற வேண்டும் என்பது விதி.

வகுப்பிலே சம்பளம் பெறும் பணியாளர் சிலர், பிள்ளைகளோ பலர். அக்குறையை நிரப்ப வருவோர் தொண்டர்கள். பல்கலைக்கழக மாணவர், இளைப்பாறிய உபாத்தியாயர், வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து வந்துபோகும் எழுதுவினைஞர், தம் பேரப்பிள்ளைகள் தூரதேசத்தில் இருப்பதனாற் பிறர் பிள்ளைகளின் முகம் பார்த்து மனம் ஆறும் முதியோர் எனப் பலதிறத்தார் வருவர். அவருள்ளும், ஸ்பானிய மொழி ஆங்கில மொழி ஆகிய இரண்டுக்கும் நடுவே வளரும் சிறுவரிடம் சென்று பணிபுரிவோரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகிலிருந்து வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பதுதானே, இதில் விளக்குவதற்கு என்ன உண்டு என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளை இன்னும் பத்து வருடத்தின் பின்னரும் தன் பாட்டியோடு பேசுமா, பேசாதா என்பது சிலவேளை அந்தக் கதிரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனாலேதான் இது பேசத்தக்க விஷயமாகின்றது.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழியை நேற்று வந்த குடியேறிகளின் மொழி என்று கருதுவோர் உளர். அது சரியன்று. 1848 ஆம் ஆண்டு குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி மெக்சிக்கோ நாடு தன் வடபுலத்தை அமெரிக்காவுக்குக் கையளித்தபோது, அந்நிலத்தோடு அங்கே வாழ்ந்த மக்களும் அவர்தம் மொழியும் சேர்ந்தே சென்றன. கலிபோர்னியாவின் முதலாவது அரசியலமைப்பு 1849 இல் இயற்றப்பட்டது. சட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடப்பட வேண்டும் என்று அது விதித்தது. 30 வருடங்களின் பின், 1879 இல் எழுதப்பட்ட இரண்டாவது அரசியலமைப்பு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. இன்று அந்நாடு முழுவதிலும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டிலே ஸ்பானியம் பேசுகின்றனர்.

அத்துணை மக்கள் பேசியும் பாடசாலை வாசலில் அம்மொழி நெடுங்காலம் மறிக்கப்பட்டே வந்தது. ரெக்சாஸ் மாநிலத்தில் பொதுப் பாடசாலையில் ஆங்கிலமல்லாத மொழியிற் பாடஞ் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1918 இல் வந்தது. 1969 வரை அது நீங்கவில்லை. விளையாட்டு மைதானத்தில் வாய்தவறித் தாய்மொழியிற் பேசிய பிள்ளை பிரம்படி பெற்றதும், பாடசாலை கலைந்த பின்னர் வீடு செல்ல விடாது மறித்து வைக்கப்பட்டதும் தென்மேற்கு மாநிலங்களில் வழக்கமாய் இருந்தவை. அக்காலத்தில், பள்ளி விட்டபின் ஸ்பானியம் என்றால் அதன் பொருள் தண்டனை. இன்று அதே வேளையில், அதே மண்டபத்தில், அதே மொழிக்குத் துணையாக ஒருவர் வந்து அமர்கின்றார். இம்மாறுதலை மனத்திற்கொண்டு பார்த்தாலன்றித் தொண்டரின் வேலை நமக்கு நன்கு விளங்காது. ஏனெனில், அன்று தண்டனை பெற்ற பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளே இன்று பல வகுப்புகளில் இருக்கின்றனர். தாம் பட்டது தம் பிள்ளை படவேண்டாம் என்று எண்ணித் தம் மொழியைப் பிள்ளைக்குச் சொல்லாது விட்ட பெற்றோர் அங்கே அநேகர்.

இத்தொண்டின் முன்னோடிகள் இருவரை இங்கே குறிப்பிடலாம். ஒருவர் பூரா பெல்ப்ரே என்னும் பெண்மணி. புவேர்ட்டோ ரிக்கோ தீவிற் பிறந்தவர். 1921 இல் நியூயோர்க் பொது நூல்நிலையத்திற் பணிக்குச் சேர்ந்தவர். அங்கே அலுமாரி அலுமாரியாக நாடோடிக் கதைகள் இருந்தும் தம் தீவின் கதை ஒன்றுமே இல்லாதது கண்டு, பாட்டி தமக்குச் சொன்ன கதைகளைத் தாமே சிறுவர்க்குச் சொல்லத் தொடங்கினார். ஸ்பானியத்தில் ஒரு வேளையும் ஆங்கிலத்தில் ஒரு வேளையும் சொல்வார். பொம்மைகளை ஆட்டிக் காட்டியும் சொல்வார். கரப்பான்பூச்சிப் பெண்ணொருத்தியை எலி ஒன்று மணம்பேச வரும் கதை 1932 இல் அவரால் நூலாக வெளிவந்தது. நூல்நிலையம் என்பது ஆங்கிலம் தெரிந்தவர்க்கே உரியது என்று ஒதுங்கி நின்ற தாய்மார், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது அக்கதைகளினாலே. இவர் சம்பளம் பெற்ற உத்தியோகத்தரே ஆயினும், இன்றைய தொண்டர் செய்வதெல்லாம் அவர் இட்ட வழியிற் செல்வதே என்பது என் எண்ணம்.

மற்றவர் பேலிக்ஸ் திஹெரீனா. இவர் ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரில் உணவுச்சாலை நடத்தியவர். முதலாம் வகுப்பிற் சேரும் மெக்சிக்கப் பிள்ளைகள் ஆங்கிலம் விளங்காமையால் அதே வகுப்பில் இரண்டு மூன்று வருடம் நிறுத்தப்படுவதைக் கண்டு மனம் வருந்தினார். 1957 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கனாடோ என்ற சிற்றூரில், தம் பணத்தைச் செலவிட்டு, 17 வயது நிரம்பிய பெண்ணொருத்தியை ஆசிரியையாக வைத்து, பாடசாலைக்குப் போகுமுன் பிள்ளை அறிந்திருக்கவேண்டிய 400 ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கச் செய்தார். அம்முயற்சி பின்னர் மாநில அரசாங்கத்தின் திட்டமாகவே வளர்ந்தது. அது நன்முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும், அது ஆங்கிலத்துக்குள் பிள்ளையை ஏற்றிவிடும் படியாகவே எண்ணப்பட்டது; பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருந்த மொழியை வளர்ப்பது அதன் நோக்கமாய் இருக்கவில்லை. பெல்ப்ரே அம்மையார் வைத்த அடி வேறு, இது வேறு. பிற்பகல் வகுப்புகள் இன்றும் இவ்விரு வழிகளுக்கிடையே தத்தளிக்கின்றன.

அரசியற் போக்கும் அவ்வாறே மாறி மாறி வந்தது. கியூபாவிலிருந்து வந்தோர் நிறைந்த மியாமி நகரில், 1963 இல், கோரல் வே என்ற ஆரம்பப் பாடசாலை இரு மொழியாரின் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி இரு மொழியிலும் கற்பிக்கத் தொடங்கியது. 1968 இல் மத்திய அரசாங்கம் இருமொழிக் கல்விக்குச் சட்டம் இயற்றியது. 1998 இல் கலிபோர்னிய வாக்காளர் அத்தகைய கல்வியைப் பெரும்பாலும் நிறுத்தும் சட்டத்தை ஏற்றனர்; 2016 இல் அதே மாநில வாக்காளர் அதனை நீக்கினர். இதைப் பற்றி விரித்துரைக்கப் புகின் நேரம் போதாது. இவ்வாறு பாடசாலைக் கதவு திறந்தும் சாத்தியும் இருந்த காலமெல்லாம், பிற்பகல் வகுப்பின் கதவு ஓரளவு திறந்தே இருந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

இனி, தொண்டர் சந்திக்கும் பிள்ளைகள் யாவர்? ஒரே மேசையைச் சுற்றி இருக்கும் நால்வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருத்தி அமெரிக்காவிலே பிறந்தவள். தாய் ஸ்பானியத்திற் கேட்பாள், மகள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். அடுத்தவன் சில மாதங்களுக்கு முன் எல் சல்வடோரிலிருந்து வந்தவன். ஸ்பானியம் நன்றாக எழுதுவான், ஆங்கிலத்தில் வாய் திறவான். மூன்றாவது பிள்ளையின் வீட்டில் ஆங்கிலமே. இருமொழிப் பாடசாலையில் ஸ்பானியத்தைப் புதிதாகக் கற்கிறது. நான்காவது பிள்ளையைப் பற்றித்தான் தொண்டர் பெரும்பாலும் தவறாக எண்ணிவிடுவர். அவன் குவாத்தமாலா மலைநாட்டிலிருந்து வந்தவன். வீட்டிலே பேசுவது மாம் என்னும் பழங்குடி மொழி. அவனுக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரில் மாம் பேசும் குடும்பங்கள் பல உண்டு. தோட்டப் பகுதிகளில் மெக்சிக்கோவின் மிஷ்தெக் மொழி பேசுவோர் உண்டு. அவனைப் பார்த்து உன் தாய்மொழியில்தானே பேசுகிறேன், ஏன் விளங்கவில்லை என்று ஸ்பானியத்திற் கடிந்துகொண்டால் அவன் பாவம் என்ன செய்வான்?

முதற் பிள்ளையும் மூன்றாவது பிள்ளையும் ஸ்பானியத்திற் பிழைவிடும் விதம் ஒன்றுக்கொன்று நேர்மாறானது. இதை அறிந்த தொண்டரே பயன்படுவார். வீட்டிலே கேட்டு வளர்ந்தவள் இலக்கண நுட்பங்களைச் செவியாலேயே பிடித்திருப்பாள். ஸ்பானியத்தில் 'இருத்தல்' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. 'எஸ் அபுரீதோ' என்றால் அவன் பிறர்க்குச் சலிப்பூட்டுபவன். 'எஸ்தா அபுரீதோ' என்றால் அவனுக்கே இப்பொழுது சலிப்பாக இருக்கிறது. ஆங்கிலச் சிறுவன் இவ்வேறுபாட்டைப் பல வருடம் படித்தும் தடுமாறுவான். வீட்டில் வளர்ந்தவள் ஏனென்று சொல்லத் தெரியாமலே சரியாகச் சொல்வாள். ஆனால், எழுதச் சொன்னாலோ நிலைமை தலைகீழாகும். ஸ்பானியத்தில் பகரத்துக்குரிய இரண்டு எழுத்துகள் ஒரே ஒலி உடையன. மெக்சிக்கோவில் அவற்றைப் 'பெரிய பே', 'சின்ன பே' என்று சொல்லிப் பிரிப்பர், நம் சிறுவர் பெரிய ற, சின்ன ர என்பது போலவே. மாடு என்று பொருள்படும் 'பாக்கா' என்ற சொல்லை அவள் பெரிய பே இட்டு எழுதிவிடுவாள். எழுதவேண்டியது சின்ன பே. வணக்கஞ் சொல்லும் 'ஓலா'வின் முன்னே ஒலியாத எழுத்தொன்று உண்டு. அதை விட்டெழுதினால் கடல் அலை என்று பொருளாகிவிடும். செவியாற் கற்றவர் விடும் பிழைகள் இவை. இவற்றைச் சிவப்பு மையாற் சுற்றி, உனக்கு ஸ்பானியம் தெரியாது என்று முகங்காட்டினால், அந்தப் பிள்ளை தன் வீட்டு மொழியையே குறையுடையது என்று முடிவு செய்துகொள்ளும். அதன் பின்னர் அது ஆங்கிலத்தின் பக்கம் சாய்வதைத் தடுப்பது கடினம்.

தமிழராகிய நமக்கு இம்மொழியின் சில இயல்புகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. அவர்களுக்கென ஒரு தனி எழுத்து உண்டு, நகரத்தின் மேல் வளைந்த கோடிட்டு எழுதுவது. அதன் ஒலி நமது ஞகரமே. ரகரத்திலும் இருவகை உண்டு. 'பெரோ' என்றால் ஆனால். நாவதிர வல்லினமாக்கிப் 'பெறோ' என்றால் நாய். சொல்லின் முதலில் ஸகர மெய் மற்றொரு மெய்யோடு கூடி நிற்பதை அவர் நா ஏற்காது. முன்னே ஓர் எகரம் சேர்த்து, ஸ்கூல் என்ற ஆங்கிலச் சொல்லை 'எஸ்கூல்' என்று பிள்ளைகள் சொல்வர். நாம் இகரம் சேர்த்து இஸ்கூல் என்போம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வகுப்பிலே பிள்ளையொன்று 'மேசா' என்றும் 'சப்பாத்தோ' என்றும் 'பான்' என்றும் சொல்வதைக் கேட்டால் இலங்கைத் தமிழர் திரும்பிப் பார்ப்பார். அது மேசையையும் சப்பாத்தையும் பாணையுமே சொல்கிறது. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள் இவை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள்.

இனி ஆங்கிலத்துக்குத் தொண்டர் எவ்வாறு துணை செய்கிறார் என்று பார்ப்போம். ஸ்பானியத்தில் ஐந்து உயிரெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. எழுதியபடி வாசிக்கலாம். அப்பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை நேரம் என்று பொருள்படும் 'டைம்' என்ற சொல்லைத் 'தீமே' என்று வாசிக்கும். அது மூடத்தனம் அன்று. ஒரு மொழியின் விதியை மற்றொரு மொழியில் ஒழுங்காகப் பிரயோகித்த அறிவு. தொண்டர் சிரிக்காமல், ஸ்பானியமாயின் நீ வாசித்ததே சரி, ஆங்கிலம் கொஞ்சம் கோணலான மொழி என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போவார். மறுபுறம், பிள்ளையின் ஸ்பானியம் ஆங்கிலப் பாடத்துக்குப் பெரிய முதலாகவும் அமைகின்றது. விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் கடினமான ஆங்கிலச் சொற்களுட் பெரும்பாலானவை லத்தீன் வழிவந்தவை. 'எவாப்பொரேஷன்' என்று பயமுறுத்தும் சொல் ஸ்பானியத்தில் 'எவப்பொறசியோன்' என்று இருக்கிறது. நகரத்தை நகரய என்றும் கிராமத்தைக் கிராமய என்றும் சிங்களத்திற் கேட்ட நமக்கு இவ்வகை உறவு புதிதன்று. சொற்களின் ஈறுகள் எவ்வாறு மாறுகின்றன என்று இரண்டு பின்னேரங்களிற் காட்டிக்கொடுத்தால், பிள்ளை தானாகவே நூறு சொற்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனாற் பொறிகளும் உண்டு. 'எக்சிட்டோ' என்றால் வெளியேறும் வழி அன்று, வெற்றி. 'றோப்பா' என்றால் கயிறு அன்று, உடுப்பு. 'எம்பரசாதா' என்பதை வெட்கமடைந்தவள் என்று எண்ணிச் சொல்லும் ஆங்கிலத் தொண்டர், தாம் கருவுற்றிருப்பதாகச் சபையில் அறிவித்துவிடுவார். அன்று வகுப்பு முழுவதும் சிரிக்கும். தொண்டரின் ஸ்பானியத்தைப் பிள்ளைகள் திருத்துகிற அத்தகைய வேளைகள் ஒரு முழுப் பாடத்துக்கு நிகரானவை என்றே சொல்வேன்.

பேச்சு வேறு, பாடமொழி வேறு என்பதையும் தொண்டர் உணர்ந்திருக்க வேண்டும். கனடாவின் ஆராய்ச்சியாளர் ஜிம் கமின்ஸ் இதனை 1970களின் இறுதி தொடக்கம் விளக்கி வந்தார். புதிதாக வந்த பிள்ளை விளையாட்டுக்கும் சம்பாஷணைக்கும் வேண்டிய ஆங்கிலத்தை ஏறத்தாழ 2 வருடங்களிற் கைக்கொண்டுவிடும். பாடப் புத்தகத்தின் ஆங்கிலத்தில் ஏனையோரை எட்டுவதற்கு 5 முதல் 7 வருடங்கள் வரை செல்லும். உதைபந்தாட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திற் பொரிந்து தள்ளுகிற பையன் கணிதக் கேள்வியை வாசித்துவிட்டு மௌனமாய் இருந்தால், சோம்பேறி என்று எண்ணத் தோன்றும். அவன் அந்த 5 வருட வழியின் நடுவில் நிற்கிறான். கேள்வியை ஸ்பானியத்தில் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். கணக்கு அவனுக்குத் தெரியும்.

இரண்டு மொழிகள் பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்ற அச்சம் முன்னாளில் அறிஞரிடையேயும் இருந்தது. 1962 இல் பீல், லாம்பேர்ட் என்ற இருவர் மொன்றியல் நகரில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த 10 வயதுச் சிறுவரை, குடும்ப வசதியில் அவர்களை ஒத்த ஒருமொழிச் சிறுவரோடு ஒப்பிட்டனர். இருமொழிச் சிறுவரே சோதனைகளில் மேலாக நின்றனர். முந்திய ஆராய்ச்சிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் வசதியுள்ள பிள்ளைகளையும் ஒப்பிட்டுவிட்டு, வறுமையின் பலனை மொழியின் மேற் சுமத்தியிருந்தன. இருமொழி அறிவைக் கூர்மையாக்கும் என்று பின்னர் எழுந்த பேச்சு இன்றும் விவாதத்துக்குரியதே. அது தீங்கு செய்யும் என்ற கொள்கையோ எடுபடாது போயிற்று.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குடியேறி வந்த பாட்டிக்கு ஸ்பானியம். அவள் மகளுக்கு இரண்டும். பேர்த்திக்கு ஆங்கிலம் மட்டும். அமெரிக்காவிலே பல மொழிகள் இவ்வாறு மூன்று தலைமுறையில் மறைந்தன. ஒரு நாளில் நிகழ்வதன்று இது. முதலிற் பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொல்லும். பிறகு மரியாதைச் சொல் மறையும். ஸ்பானியத்தில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெட்' என்றால் நீங்கள். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். அப்பழக்கத்தில் ஊறிய பேரன் தொலைபேசியில் மெக்சிக்கோவிலிருக்கும் பாட்டனைத் 'தூ' என்று விளித்தால், சில குடும்பங்களில் அது ஏற்றுக்கொள்ளப்படும். வேறு சில குடும்பங்களிலோ கிழவர் திடுக்குறுவார். தாய் அதட்டுவாள். அடுத்த முறை தொலைபேசி மணி அடிக்கும்போது பேரன் வேறு அறைக்குப் போய்விடுவான். பிழை விட்டுவிடுவோமோ என்ற கூச்சத்தினாலேயே பேச்சு நின்றுபோகிறது. பிற்பகல் வகுப்பிலே, பிழை விட்டாலும் பரிகாசம் செய்யாத ஒருவரிடம், அந்த 'உஸ்தெட்'டைப் பழகிக்கொள்ளப் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது.

ஆதலால் தொண்டர் செய்யும் காரியங்களுள் முதன்மையானது காது கொடுத்தலே. பிள்ளை உரக்க வாசிக்கும், அவர் கேட்பார். நடுவிலே வாக்கியம் பாதி ஸ்பானியமாகவும் பாதி ஆங்கிலமாகவும் ஓடும். அதைக் கண்டு முகஞ் சுளிக்கத் தேவையில்லை. இருமொழி அறிந்தோர் உலகெங்கும் அவ்வாறே பேசுகின்றனர். கருத்தைப் பிடித்துக்கொண்டு, தாம் மறுமொழி சொல்லும்போது முழுமையான ஸ்பானிய வாக்கியத்திற் சொன்னாற் போதும்; திருத்தம் திருத்தமென்று தோன்றாமலே காதில் விழுந்துவிடும். ஊருக்கு ஊர் சொல் வேறுபடும் என்பதும் நினைவில் இருக்கவேண்டும். பேருந்தை கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் 'குவாகுவா' என்பர், மெக்சிக்கோவில் 'கமியோன்'. சிலி நாட்டிலோ குவாகுவா என்றால் கைக்குழந்தை. தாம் கல்லூரியிற் கற்ற சொல்லே சரியானது என்று தொண்டர் பிடிவாதம் செய்தால், கொப்பி என்ற யாழ்ப்பாணப் பிள்ளையைப் பார்த்து நோட்டு என்பதே தமிழ் என்று சென்னையார் ஒருவர் திருத்துவது போலாகும்.

இடத்தின் அமைப்புங்கூடச் சிறுவரின் கூச்சத்தைத் தீர்க்க உதவும். சான்பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதி ஸ்பானியம் பேசுவோர் நெடுங்காலம் வாழும் பகுதி. அங்கே வலென்சியா வீதி 826 ஆம் இலக்கக் கட்டடத்தில் 2002 ஆம் ஆண்டு எழுத்தாளர் டேவ் எக்கேர்ஸ், ஆசிரியை நினிவே கலேகாரி ஆகியோர் தொண்டர்களைக் கொண்டு பிற்பகல் எழுத்து நிலையமொன்றைத் தொடங்கினர். அக்கட்டடத்தின் முன்புறம் கடையாகவே இருக்கவேண்டும் என்பது நகரச் சட்டம். எனவே, கடற்கொள்ளைக்காரருக்கு வேண்டிய பொருட்களை விற்கும் வேடிக்கைக் கடை ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி முதலானவை அங்கே விற்பனைக்கு உண்டு. படிப்பிற் பின்தங்கியவன் போகும் இடம் இது என்று சுட்டிக்காட்ட யாரால் முடியும்? கொள்ளைக்காரர் கடைக்குள் நுழைகிற சிறுவனைப் பார்த்து மற்றச் சிறுவர் பொறாமையல்லவா கொள்வர்!

சில கட்டுப்பாடுகளும் உண்டு. தொண்டராக வருவோர் பல இடங்களிற் கைரேகை பதித்துப் பொலிசாரின் பதிவுகளிற் குற்றமேதும் இல்லை எனக் காட்டவேண்டும். பிள்ளையொன்றுடன் தனியறையில் இருத்தல் ஆகாது. இவை இயல்பான காவல்கள். எழுதாத விதி ஒன்று இவற்றினும் கனமானது: ஏற்றுக்கொண்ட நாட்களில் வந்தே தீரவேண்டும். இச்சிறுவருட் பலர் ஏற்கெனவே பாட்டியையோ தமையனையோ, சிலர் தந்தையையோ வேறு நாட்டில் விட்டுவந்தவர்கள். மூன்று வாரம் வந்து அன்பு காட்டிவிட்டுப் பின்னர் காணாமற் போகின்ற தொண்டர், வராமலே இருந்திருந்தால் நலம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இச்சிறுவர்கள் வைத்தியசாலையிலும் வங்கியிலும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் பெற்றோருக்காக மொழிபெயர்க்கின்றனர். பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் நோயைத் தானே கேட்டறிந்து தாய்க்குச் சொல்லவேண்டி நேர்கிறது. அது பெருமையையும் தரும், பாரத்தையும் தரும். வகுப்புக்கு வரும்போது சட்டைப் பையிலிருந்து மின்சாரக் கட்டணப் பத்திரத்தை எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் பிள்ளையிடம், அது வீட்டுப்பாடம் அல்லவே என்று சொல்லிவிடலாகாது. அந்தப் பிள்ளை அன்று கொண்டுவந்த பாடம் அதுவே. சேர்ந்திருந்து வாசித்து, ஆங்கிலச் சொல் இன்னது, ஸ்பானியச் சொல் இன்னது என்று தெளிவித்தால் ஒரு குடும்பத்தின் கவலை தீரும், பிள்ளைக்கு இரு மொழியிலும் புதுச் சொற்கள் சேரும்.

மாலை 6 மணிக்குத் தாய்மார் வருவர். அவருள் ஒருவர் தொண்டரைத் தனியே அழைத்து, வீட்டிலே இனி ஆங்கிலத்தில்தான் பேசவேண்டுமா, பிள்ளையின் படிப்புக்கு அதுதானே நல்லது என்று கேட்பது மிகவும் சாதாரணம். தமக்கு வராத ஆங்கிலத்தில் தாய் பேசத் தொடங்கினால், கதை சொல்வது நின்று, கட்டளை இடுவது மட்டும் எஞ்சும்: வா, போ, சாப்பிடு, படு. ஆங்கிலம் பாடசாலையிற் கிடைக்கும், தெருவிற் கிடைக்கும், தொலைக்காட்சியிற் கிடைக்கும். ஆகவே, விஷயம் அறிந்த தொண்டர் அந்தத் தாயை 'உஸ்தெட்' என்றே விளித்து, நீங்கள் ஸ்பானியத்திலேயே பேசுங்கள் அம்மா, அவளுக்கு ஆங்கிலம் வந்துகொண்டிருக்கிறது என்பார். பின்னர் அன்று பிள்ளை வாசித்த ஸ்பானியப் புத்தகத்தைக் கையிற் கொடுத்து, இரவு நித்திரைக்குப் போகுமுன் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று அனுப்புவார். தாய் எழுத்தறியாதவராயின், படங்களைப் பார்த்து அந்தக் கதையைத் தம் ஊர்ப் பேச்சிலே பிள்ளைக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்வார்.